நாக்கில்லாத மூன்று பேர்: எர்த்ஸீயின் இரண்டாம் நாவல்

மூன்று பாகக் கதை என்றால் நடுவில் வருவது பெரும்பாலும் ஒரு பாலம்தான். முதல் பாகத்தில் வீட்டை விட்டுக் கிளம்பிய நாயகனை மூன்றாம் பாகத்தின் பெரிய சண்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நடுவில் கொஞ்சம் பயணம், கொஞ்சம் தோல்வி, ஒரு புது எதிரி. ஃபேண்டஸி படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. உர்சுலா கே. லெ குவினின் எர்த்ஸீ வரிசையில் 1971-ல் வந்த 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' இந்த வேலையைக் கிட்டத்தட்ட செய்வதே இல்லை. அதனால்தான் அந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது இது. என்னை மிகவும் தொந்தரவு செய்வதும் இதுதான். கதையை முழுசாகச் சொல்லித்தான் பேசப் போகிறேன். படிக்காதவர்கள் யோசித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1968-ல் வந்த முதல் நாவலில் கெட் (தமிழில் எழுதினால் கெட்டவன் மாதிரி ஒலிக்கிறது, என்ன செய்ய) ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன். மந்திரம் படிக்கப் போகிறான், கர்வத்தில் ஒரு நிழலை உலகத்துக்குள் அவிழ்த்துவிடுகிறான், பிறகு தீவு தீவாக அதோடு ஓடுகிறான். நாவல் பூரா கடல், படகு, காற்று, டிராகன். அதை முடித்த கையோடு இரண்டாவதைத் திறந்தால் கடலே இல்லை. பாலைவனத்தில் ஒரு கோயில் வளாகம். சுற்றிலும் சுவர். உள்ளே பெண்களும் சில அலிக் காவலர்களும் மட்டும். ஐந்து வயசுக் குழந்தை ஒன்றை அங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். மொத்தம் பன்னிரண்டு அத்தியாயம்; கெட் முகம் காட்டுவது ஐந்தாவதில். அதுவும் கோயிலுக்குள் திருட வந்தவனாக. அவன் யாரென்று நமக்குத் தெரியும், கதை நடக்கிற பெண்ணுக்குத் தெரியாது. முதல் நாவலின் நாயகனை நாம் எதிரியின் கண்ணால், சுவரில் உள்ள ஒரு ஓட்டை வழியாகப் பார்க்கிறோம்.

அந்தப் பெண்ணின் பெயர் டெனார். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே அந்தப் பெயரைப் பிடுங்கிவிடுகிறார்கள். ஒரு சடங்கு. வெள்ளை உடையில் வாளோடு ஒருவன் வந்து குழந்தையின் கழுத்துக்கு மேல் ஓங்குகிறான். கறுப்பு உடையில் ஒரு உருவம் வந்து தடுக்கிறது. அதோடு அவள் 'அர்ஹா' ஆகிறாள். நம்ம காதில் 'அருகதை'தான் விழும். நாவலில் வரும் கார்கிஷ் மொழியில் அதற்கு 'உண்ணப்பட்டவள்' என்று பொருள். பெயரில்லாத தெய்வங்கள் அவள் பெயரைத் தின்றுவிட்டன.

அவளைத் தேர்ந்தெடுத்த விதம் நமக்கு ஒன்றும் புதுசில்லை. பழைய தலைமைப் பூசாரிணி இறந்த அதே இரவில் பிறந்த பெண் குழந்தையைத் தேடிக் கண்டுபிடித்து, உடம்பில் குறையில்லை என்று பார்த்து, வயசு வந்ததும் எடுத்து வந்துவிடுகிறார்கள். செத்தவளே மறுபடி பிறந்திருக்கிறாள் என்பது நம்பிக்கை. திபெத்தில் தலாய் லாமாவைத் தேடுவது உடனே ஞாபகம் வரும். லெ குவின் மானுடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபரின் மகள். சடங்குகளை வெளியிலிருந்து வேடிக்கை பார்க்காமல், உள்ளே இருப்பவர்களுக்கு அது எப்படி அன்றாடமாக இருக்கும் என்று எழுதத் தெரிந்தவர். மறுபிறவியை அவர் இங்கே பயன்படுத்துகிற விதம்தான் பயங்கரம். அர்ஹா எதைக் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: உனக்கே தெரியுமே, போன பிறவிகளில் நீதானே செய்தாய். எங்கள் தொழிலில் சொல்வதானால், இருநூறு பேர் எழுதிய பழைய கோடுக்கெல்லாம் புதுசாகச் சேர்ந்த பெண்ணின் பெயரைப் போட்டுவிடுவது மாதிரி. அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்த கொலைகளுக்கும் அவள்தான் பொறுப்பு. அதைவிட மோசம், அவளுக்கு அது பெருமையாக வேறு இருக்கிறது. வேறு எதுவும் அவளுக்கு இல்லையே.

அந்த வளாகத்தில் யார் எதை நம்புகிறார்கள் என்று ஒருமுறை கவனித்துப் படித்தேன். தார் என்கிற வயதான பூசாரிணி உண்மையாக நம்புகிறாள். வறண்டவள், ஆனால் நேர்மையானவள். பெந்தே என்கிற குண்டுத் தோழி எதையும் நம்புவதில்லை. அவளுக்கு நல்ல சாப்பாடும் சிரிப்பும் போதும். சுவரில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றபடி சாமியாவது ஒண்ணாவது என்கிற ரகம். கோசிலும் நம்புவதில்லை, ஆனால் பெந்தே மாதிரி இல்லை. தேவராஜாவின் பூசாரிணியான அவள் நம்புவது அதிகாரத்தை மட்டும். அந்த அரசனுக்கே பழைய தெய்வங்கள் தேவையில்லை. சிம்மாசன மண்டபத்தின் கூரை ஒழுகினால் சரிசெய்யப் பணம் வராது. தனக்கு வேண்டாத கைதிகளைக் காணாமல் போகச் செய்ய மட்டும் அந்த இடம் வேண்டும். இந்த நால்வருக்கு நடுவில் வந்து சேரும் கெட் சொல்வது ஐந்தாவது நிலைப்பாடு. அந்த இருட்டுச் சக்திகள் நிஜம், பலம் உள்ளவை, சாகாதவை. ஆனால் அவற்றைக் கும்பிட வேண்டியதில்லை என்கிறான்.

இதைப் படித்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நமக்குத் தெரிந்த விவாதம் எல்லாம் 'இருக்கா இல்லையா' என்பதிலேயே முடிந்துவிடும். இருந்தால் கும்பிடணும், இல்லையென்றால் வேண்டாம். இருந்தாலும் கும்பிடத் தேவையில்லை என்று ஒரு சிறுவர் நாவல் அமைதியாகச் சொல்லிவிட்டுப் போகிறது. கோசில் தடைசெய்யப்பட்ட நிலவறைக்குள் விளக்கோடு போய்க் கல்லறை தோண்டுகிறாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்த அர்ஹாவின் நம்பிக்கை சுக்குநூறாகிறது. அப்போது கெட்தான், உன் தெய்வங்கள் சாகவில்லை, அவற்றை அடக்கிவைக்கத்தான் இத்தனை நாளாக என் சக்தி பூரா செலவாகிறது என்கிறான். அவளுடைய நம்பிக்கையைக் காப்பாற்றுகிறவன் திருட வந்தவன்.

நிலவறை பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்லறைக் கற்களுக்கு அடியில் ஒரு பெரிய குகை, அதிலிருந்து கிளைபிரியும் சுரங்க வழிகள். குகையில் வெளிச்சம் கூடாது என்பது விதி. அதனால் வரைபடமும் கிடையாது. இத்தனை திறப்புகளைக் கடந்து இடது, பிறகு வலது என்று தார் வாயால் சொல்ல, அர்ஹா மனப்பாடம் செய்து, சுவரைக் கையால் தடவி எண்ணிக்கொண்டே நடக்கிறாள். ஒரு எண்ணிக்கை தப்பினால் திரும்பி வர முடியாது. லெ குவின் இதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். நிகழ்ச்சி ஒன்றுமில்லை, விரல்நுனியில் கல் மட்டும். சில வாசகர்களுக்கு இந்த இடத்தில் அலுப்புத் தட்டும். எனக்குத் தட்டவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற ஒருத்திக்குத் தன் ராஜ்ஜியம் எப்படி இருக்கும் என்பதை வேறு எப்படியும் சொல்ல முடியாது.

பிறகு ஐந்தாம் அத்தியாயம். அவள் வழக்கம்போல இருட்டில் இறங்கி வருகிறாள். வெளிச்சம் இருக்கவே கூடாத இடத்தில் வெளிச்சம். கெட்டின் கோல் நுனியில் எரிகிறது. குகைச் சுவரெல்லாம் படிகங்கள், கூரை வரை மின்னுகின்றன. தனக்குச் சொந்தமான இடத்தை அவள் முதன்முதலாகப் பார்ப்பது அதைக் கொள்ளையடிக்க வந்தவனின் விளக்கில். பார்த்ததும் செய்கிற முதல் வேலை, இரும்புக் கதவை இழுத்து மூடி அவனைச் சுரங்க வழிகளுக்குள் சிறைவைப்பது. அழகைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது என்று எழுதாமல் விட்டதற்காகவே இந்த நாவலை மதிக்கிறேன்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

மூன்றாம் அத்தியாயத்தின் பெயர் 'கைதிகள்'. கெட் வருவதற்கு முன்பு நடக்கிறது. பருவம் வந்த அர்ஹாவுக்கு முதல் அதிகாரபூர்வ வேலை. தேவராஜா மூன்று கைதிகளை அனுப்பியிருக்கிறான். சுவரோடு சங்கிலியில் கட்டியிருக்கிறார்கள். நாக்குகள் ஏற்கெனவே அறுக்கப்பட்டிருக்கின்றன. எப்படிச் சாக வேண்டும் என்று தலைமைப் பூசாரிணிதான் சொல்ல வேண்டும். கோசில் பக்கத்தில் நின்று கேட்கிறாள். அந்தப் பெண் தடுமாறி, ஏதோ ஒன்றைச் சொல்லித் தப்பிக்கிற அவசரத்தில், உணவும் தண்ணீரும் நிறுத்தச் சொல்லிவிடுகிறாள். பிறகு காய்ச்சல், கெட்ட கனவுகள். மூன்று பேரும் செத்துப் போகிறார்கள்.

இரண்டு அத்தியாயம் தாண்டி அதே நிலவறையில் இன்னொரு ஆள் தண்ணீர் இல்லாமல் சாகக் கிடக்கிறான். சட்டப்படி அவனும் சாக வேண்டியவன். இந்தத் தடவை அவள் ஓட்டை வழியாக வழி சொல்கிறாள், தண்ணீர் கொண்டுபோகிறாள், பொய்ச் சமாதி தோண்டச் சொல்கிறாள். ஏன் இவனை மட்டும்? கெட் நல்லவன், கதாநாயகன் என்பது நமக்குத் தெரியும். அவளுக்கு அது காரணமாக இருக்க முடியாது. நான் கண்ட விடை எளிமையானது. இவனுக்கு நாக்கு இருக்கிறது. இவன் பேசுகிறான். அவள் பார்த்தே இராத கடலைப் பற்றி, ஹாவ்னோர் நகரத்தைப் பற்றி, டிராகன்களைப் பற்றிப் பேசுகிறான். கேட்கக் கேட்க அவளுக்கு இன்னொரு நாள் அவன் உயிரோடு இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. கடைசியில் அவள் பெயரையே அவளுக்குத் திருப்பித் தருகிறான். அந்த மூன்று பேருக்கும் இது எதுவும் வாய்க்கவில்லை.

எர்த்ஸீ வரிசையில் பெயர்தான் எல்லாமே. ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் மந்திரம் பலிக்கும். தன் உண்மைப் பெயரை ஒருவன் இன்னொருவரிடம் சொன்னால் உயிரைக் கொடுத்த மாதிரி. இப்படிப்பட்ட உலகத்தில் அந்த மூன்று பேருக்கும் கடைசி வரை பெயர் கிடையாது. என்ன குற்றம் செய்தார்கள், மனைவி மக்கள் உண்டா, எதுவும் வராது. பெயர்களைத் தின்கிறவை என்று நிலவறைத் தெய்வங்களைப் பற்றிச் சொல்கிற நாவல், தானும் மூன்று பெயர்களைத் தின்றுவிட்டது.

இது லெ குவினின் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். கடைசி இரண்டு அத்தியாயங்களில் அவர் அதைக் கிளறுகிறார். கல்லறைகள் இடிந்து விழுந்து, இருவரும் தப்பி, மேற்கு மலைகளைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்துவிடுகிறார்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் நாவல் இங்கேயே முடிந்திருக்கும். இங்கே அவள் கையில் கத்தியோடு அவனை நெருங்குகிறாள். உன் வேலை முடிந்தது, வளையம் கிடைத்துவிட்டது, இனி என்னை எங்கேயாவது விட்டுவிட்டுப் போய்விடுவாய் என்கிற கோபம். விடுதலையானவுடன் ஒருத்திக்கு வருவது நன்றியுணர்ச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பதின்பருவப் பெண்ணுக்கு, அதுவரை சுவருக்கு வெளியே வாழ்ந்தே இராதவளுக்கு, விடுதலை ஒரு சுமையாகத்தான் தெரியும். அழுகிறாள். போன வருஷங்களுக்காக, மனானுக்காக, அந்த மூன்று பேருக்காக. என்னை ஆளில்லாத ஏதாவது ஒரு கரையில் இறக்கிவிடு என்கிறாள்.

அதற்குக் கெட் சொல்லும் பதிலோடுதான் எனக்குச் சண்டை. நீ தீமையை வைத்திருந்த பாத்திரம், அது கொட்டிப்போய்விட்டது, நீ ஒளியைத் தாங்கப் பிறந்த விளக்கு என்கிற பொருளில் ஆறுதல் சொல்கிறான். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பாத்திரத்துக்குப் பொறுப்பு கிடையாது. இத்தனை காலம் கோயில் அவளிடம் சொன்னதும் ஏறக்குறைய இதுதானே? நீ நீ இல்லை, உன் வழியாக வேறு ஒன்று செயல்படுகிறது என்று. அவள் முதன்முதலாக 'நான் செய்தேன்' என்று வாய்விட்டுச் சொல்லும்போது, இல்லை, நீ வெறும் கலம் என்று மறுபடி சொல்லலாமா? முதல் நாவலின் கெட் இப்படிப் பேசக் கூடாதவன். தான் அவிழ்த்துவிட்ட நிழலைத் துரத்திப் பிடித்து, அதைத் தன் சொந்தப் பெயராலேயே கூப்பிட்டவன் அவன். தனக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயமா?

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அழுது உடைந்து கிடக்கிற சின்னப் பெண்ணிடம் அந்த நேரத்தில் தத்துவ விசாரணை நடத்த முடியுமா, அவளைப் படகில் ஏற்றுவதுதானே முக்கியம்? சரிதான். கெட் சொன்னது முதலுதவி என்று எடுத்துக்கொண்டால் ஏற்கலாம். நாவல் அதை முடிவான பதிலாக வைப்பதுதான் எனக்கு நெருடுகிறது.

மனான் பற்றி. அவளை வளர்த்த அலிக் காவலர் அவர். உருளைக்கிழங்கு முகம், மெதுவான பேச்சு, அவள் குழந்தையாக அழுதபோது பக்கத்தில் இருந்த ஒரே ஆள். தப்பிக்கும்போது கெட்டைத் தாக்க வந்து குழியில் விழுந்து செத்துப்போகிறார். சில வரிகளில் நடந்து முடிகிறது. படகில் அவரை நினைத்து அழும்போது டெனார் போகிற போக்கில் ஒன்று சொல்கிறாள்: முதல் அத்தியாயத்துச் சடங்கில் என் கழுத்துக்கு மேல் வாளை ஓங்கியவர் மனான்தான். எனக்கு இதை முதல் வாசிப்பில் கவனித்த ஞாபகமே இல்லை. இரண்டாம் தடவைதான் தூக்கிவாரிப் போட்டது. உங்களைத் தூங்கவைத்தவரும், உங்கள் கழுத்தை வெட்டுவது போல நடித்தவரும் ஒரே ஆள். இருவருக்கும் அது வேலை. குற்றவாளி யார் என்கிற கேள்விக்குக் கெட்டின் விளக்கு உவமையைவிட இந்த ஒரு வரி எவ்வளவோ மேல். மனான் கெட்டவரும் இல்லை, வெறும் பாத்திரமும் இல்லை. அன்போடும் விசுவாசத்தோடும் ஒரு கொடுமையான இடத்தை நாள்தோறும் நடத்தியவர்.

இன்னொரு பழைய குற்றச்சாட்டு, பெண்ணை மீட்க ஒரு ஆண் வர வேண்டியிருக்கிறதே என்பது. எனக்கு இது பாதிதான் சரியாகப் படுகிறது. வழி தெரிந்தவள் அவள். தண்ணீர் கொடுத்தவள் அவள். அவள் இல்லையென்றால் எர்த்ஸீயின் மகா மந்திரவாதி சுரங்கத்தில் எலும்பாகக் கிடந்திருப்பான். எர்ரெத்-அக்பேயின் உடைந்த வளையத்தில் ஒரு பாதி அவனிடம், மறுபாதி அவளுடைய பொக்கிஷ அறையில். இதைவிட வெளிப்படையாக ஒரு ஆசிரியர் எப்படிச் சொல்வார்? ஆனால் வெளியே வந்தபிறகு எங்கே போவது என்பதை அவன்தான் முடிவு செய்கிறான் என்பதும் உண்மை. முதலில் ஹாவ்னோர், பிறகு கோண்ட் தீவில் தன் குருநாதர் ஒகியனின் வீடு. நாவலின் கடைசிப் படிமத்தில் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி நடக்கிறாள். கத்தியோடு நின்றவளை இவ்வளவு சீக்கிரம் குழந்தை ஆக்கியிருக்க வேண்டாம்.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. கெட் செம்பழுப்பு நிறத்தவன். வெள்ளைத் தோல் உள்ளவர்கள் கார்கிஷ் மக்கள், அதாவது மற்றத் தீவுகளின் கண்ணில் கொள்ளைக்காரக் காட்டுமிராண்டிகள். அறுபதுகளின் கடைசியில் இதை அலட்டிக்கொள்ளாமல் செய்துவிட்டார். 2004-ல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று கெட்டை வெள்ளைக்காரனாக்கியது. லெ குவின் பகிரங்கமாகக் கோபப்பட்டு எழுதினார். அந்தத் தொடரைப் பார்க்காமல் இருப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

1972-ல் வந்த மூன்றாவது நாவலான 'தி ஃபார்தஸ்ட் ஷோர்' மறுபடி கெட்டின் பயணம். டெனார் அதில் வெறும் பேச்சளவில்தான். அவளைத் திரும்பப் பார்க்க அன்றைய வாசகர்கள் 1990-ல் 'டெஹானு' வரும்வரை, பத்தொன்பது வருஷம் காத்திருந்தார்கள். அட்டையிலேயே 'எர்த்ஸீயின் கடைசி நூல்' என்று போட்டிருந்தார் லெ குவின். 2001-ல் இன்னும் இரண்டு எழுதினார், அது வேறு கதை. டெஹானுவில் டெனார் நடுவயதுக்காரி. ஒகியனிடம் படிப்பை விட்டுவிட்டு ஒரு விவசாயியைக் கட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளை பெற்று, இப்போது விதவை. சொந்த மனிதர்களே நெருப்பில் போட்டு, பாதி முகம் கருகிய ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். குழந்தை பேசுவதே அபூர்வம். பேசினாலும் கரகரத்த குரலில் ஒன்றிரண்டு சொல். டெனார் அதன் அருகில் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருக்கிறாள்.

அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சுவரோடு சங்கிலியில் கட்டப்பட்ட மூன்று பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள். லெ குவின் அப்படி எங்கேயும் முடிச்சுப் போடவில்லை. இது என் வாசிப்பு. அட்டுவானை முடித்ததும் அடுத்த நாவலுக்குத் தாவிவிடாமல் மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். சின்ன அத்தியாயம்தான், அரை மணி நேரம் கூட ஆகாது.